பைக் ஆயிலை லேபுக்கு அனுப்பி ஒப்பிடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓடின ஆயிலை லேபில் சோதித்தால் என்னதான் தெரியும்?

ஆயில் மாற்றும்போது வடியும் பழைய ஆயிலில் நூறு மில்லி அளவு பிடித்து அனுப்புகிறோம். லேபில் அதை நுண்துளிகளாகத் தெளித்து, ஆர்கான் வாயுவில் உண்டாக்கிய பல ஆயிரம் டிகிரி சூடான பிளாஸ்மாவுக்குள் செலுத்துவார்கள். அந்தச் சூட்டில் இரும்பு, அலுமினியம், செம்பு என்று ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளத்தில் ஒளிவிடும். எந்த ஒளி எவ்வளவு என்று அளந்து, பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கில் தருவார்கள். இதைத்தான் பிபிஎம் என்கிறோம். இந்த முறைக்கு ஐ.சி.பி. என்று பெயர். இதோடு ஆயிலின் கெட்டித்தன்மை, பெட்ரோல் கலப்பு, தண்ணீர், அமிலத்தைத் தாங்கும் சக்தி ஆகியவற்றையும் தனியாகப் பார்ப்பார்கள்.

இது பைக்காரர்கள் கண்டுபிடித்த விஷயமில்லை. 1946இல் அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்டே ரயில்வே, டீசல் இன்ஜின் கோளாறுகளை முன்கூட்டியே பிடிக்க இதைச் செய்தது. 1950களில் அமெரிக்கக் கடற்படை விமான இன்ஜின்களுக்கு எடுத்துக்கொண்டது. இன்றைக்குக் கப்பல், ஜெனரேட்டர், காற்றாலை எல்லாவற்றுக்கும் இது வழக்கமான வேலை. முப்பந்தல் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும் காற்றாலைகளின் கியர்பாக்ஸ் ஆயிலும் இப்படிச் சோதிக்கப்படுவதுதான். பைக், கார் வைத்திருக்கும் சாதாரண ஆட்கள் பாட்டிலில் ஊற்றி அனுப்பும் பழக்கம் பெருமளவில் அமெரிக்காவில் பரவியது. இண்டியானா மாநிலத்தில் ஃபோர்ட் வேனில் இருக்கும் பிளாக்ஸ்டோன் லேபின் ரிப்போர்ட்டுகள் அங்கே பிரபலம்.

சரி, இதை வைத்து எந்த ஆயில் நல்ல ஆயில் என்று சொல்லிவிடலாமா?

பாதிதான் சொல்லலாம். எந்த ஆயில் தன் கெட்டித்தன்மையைக் காப்பாற்றிக்கொண்டது என்று ஒழுங்காகச் சொல்லலாம். எந்த ஆயிலில் இன்ஜின் குறைவாகத் தேய்ந்தது என்று இரண்டு ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் எல்லோரும் நேரே போய்ப் பார்ப்பது இரும்பு வரியைத்தான். கீழே இருக்கும் பதில்களில் சில அந்த வரியைப் பற்றியே இருப்பதற்கு அதுதான் காரணம்.

காருக்குக் கேட்காத கேள்வியை பைக்குக்கு மட்டும் ஏன் கேட்கிறோம்?

காரில் இன்ஜின் ஆயில் இன்ஜினோடு நின்றுவிடும். கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில், கிளட்ச் காய்ந்த கிளட்ச். நம் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் பிஸ்டனுக்குப் போகும் அதே ஆயில்தான் கியர் பற்களுக்கு நடுவேயும் போகிறது, கிளட்ச் பிளேட்டும் அதிலேயே நனைந்து கிடக்கிறது. கியர் பற்கள் ஒன்றோடொன்று அழுந்தும் இடத்தில், சூட்டில் ஆயில் மெலியாமலிருக்கக் கலந்த நீளமான பாலிமர் சங்கிலிகள் அறுபடுகின்றன. அறுந்தது ஒட்டாது. காரில் எட்டாயிரம் கிலோமீட்டர் தாங்கும் ஆயில், பைக்கில் சில ஆயிரத்திலேயே மெலிந்துவிடுவது இதனால்தான்.

விதிவிலக்குகளும் உண்டு. பழைய இரும்பு இன்ஜின் புல்லட்டில் இன்ஜின் ஆயில் தனி, கியர்பாக்ஸ் தனி, கிளட்ச் இருக்கும் செயின்கேஸ் தனி. இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் யூ.சி.இ. இன்ஜின் வந்த பிறகுதான் மூன்றும் ஒரே ஆயிலுக்குள் வந்தன. ஹார்லியின் பெரிய வி-ட்வின்களில் இன்றும் தனித்தனிதான். ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டர்களில் பெல்ட் டிரைவ், காய்ந்த கிளட்ச், பின்னால் கியர் ஆயில் தனி. எனவே இரும்பு புல்லட் ஓட்டுகிறவர் ரிப்போர்ட்டையும் ஸ்பிளெண்டர் ஓட்டுகிறவர் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் ஒன்றுமில்லை, இரண்டிலும் ஒரே ஆயில் ஊற்றியிருந்தாலும்.

ரிப்போர்ட் வந்ததும் முதலில் எந்த வரியைப் பார்க்க வேண்டும்?

100 டிகிரி செல்சியஸில் அளந்த கெட்டித்தன்மை. சென்டிஸ்டோக் என்ற அலகில் இருக்கும். டப்பாவில் டபிள்யூவுக்குப் பிறகு வரும் எண்தான் இங்கே கிரேடு. எஸ்.ஏ.இ. தரப்படி 30 கிரேடு என்றால் 9.3இல் இருந்து 12.5க்குள், 40 கிரேடு 12.5இல் இருந்து 16.3க்குள், 50 கிரேடு 16.3இல் இருந்து 21.9க்குள் இருக்க வேண்டும். 20டபிள்யூ-50 ஊற்றி ஓட்டினீர்கள், ரிப்போர்ட்டில் 15.4 என்று வந்திருக்கிறது என்றால், நீங்கள் 50 கிரேடுக்குக் காசு கொடுத்து, கடைசி ஆயிரம் கிலோமீட்டரோ என்னவோ 40 கிரேடில் ஓட்டியிருக்கிறீர்கள்.

இந்த எண்ணை நம்பலாம். அளக்கும் முறை எளிது, ஒரு லேபுக்கும் இன்னொரு லேபுக்கும் வித்தியாசம் குறைவு, ஓட்டும் விதம் மாறினாலும் இரும்பு அளவுக்கு இது குதிக்காது. வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கும் இது தெரியும். நியூட்ரல் விழாமல் அடம்பிடிப்பது, கியர் போடும்போது கடக்கென்று சத்தம் கூடுவது எல்லாம் பெரும்பாலும் ஆயில் மெலிந்த பிறகு வருபவை.

ஜப்பானின் வாகனத் தர அமைப்பான ஜாசோ வகுத்த டி903 தரமே பைக் ஆயில் மெலியும் என்று ஒப்புக்கொண்டுதான் எழுதப்பட்டிருக்கிறது. டீசல் இன்ஜெக்டர் வழியாக 30 சுற்று அழுத்திச் செலுத்திய பிறகு 50 கிரேடு ஆயில் குறைந்தது 15, 40 கிரேடு 12, 30 கிரேடு 9 சென்டிஸ்டோக் இருந்தால் போதும் என்கிறது. கிரேடின் கீழ் எல்லையைவிட இந்த மூன்றுமே கொஞ்சம் குறைவு என்பதைக் கவனியுங்கள். டப்பாவில் ஜாசோ முத்திரை இருந்தும் ஆயில் கிரேடை விட்டு இறங்கினால், அதைக் கம்பெனியின் மோசடி என்று சொல்ல முடியாது.

எந்த மாதிரி ஆயில் கெட்டித்தன்மையை அதிகம் காப்பாற்றும்? சிந்தடிக்தானே?

டப்பாவில் இருக்கும் இரண்டு எண்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று முதலில் பாருங்கள். 5டபிள்யூ-40 ஆயில் குளிரில் மெல்லியதாகவும் சூட்டில் கெட்டியாகவும் இருக்க வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் பாலிமரைக் கலக்கிறார்கள். இடைவெளி பெரிதாக ஆக, பாலிமர் தேவையும் கூடும். கியர்பாக்ஸுக்கு அறுக்க அவ்வளவு தீனி. 20டபிள்யூ-50இல் அடிப்படை ஆயிலே கெட்டி, பாலிமர் குறைவாகப் போதும். அதனால் விலை குறைந்த மினரல் 20டபிள்யூ-50 ஒன்று, விலை கூடிய 5டபிள்யூ-40 சிந்தடிக்கைவிடக் கிரேடில் நிலைத்து நிற்பது நடக்கக்கூடிய விஷயம்தான்.

நல்ல சிந்தடிக் அடிப்படை ஆயிலுக்கு இயல்பிலேயே சூட்டுக்கும் குளிருக்கும் மாற்றம் குறைவு, ஆகவே அதே இடைவெளியைக் குறைந்த பாலிமரில் சமாளிக்கும். ஆனால் எல்லா சிந்தடிக்கும் ஒன்றில்லை. கடுமையாகச் சுத்திகரித்த பெட்ரோலிய ஆயிலான மூன்றாம் குரூப்பும் சிந்தடிக் என்றே விற்கிறது, எஸ்டர் கலந்ததும் சிந்தடிக் என்றே விற்கிறது. பாலிமரிலும் அறுபடாத வகை, சீக்கிரம் அறுபடும் வகை என்று தரம் உண்டு. டப்பாவில் இதெல்லாம் எழுதியிருக்காது. ஓடின ஆயிலின் கெட்டித்தன்மை எண் இதைக் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் இந்தச் சோதனையின் மேல் எனக்கு மரியாதை.

கடைசியில் எந்த கிரேடு என்பதை வண்டியின் மேனுவல்தான் சொல்ல வேண்டும். 10டபிள்யூ-30 கேட்கும் ஸ்பிளெண்டரில், மெலியாது என்பதற்காக 20டபிள்யூ-50 ஊற்ற வேண்டியதில்லை.

என் பழைய ஆயிலில் இரும்பு 23, புது பிராண்டில் 18. புதுசுதானே நல்லது?

இல்லை என்று சொல்லவில்லை. இந்த இரண்டு எண்களிலிருந்து அது தெரியாது, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு லிட்டர் ஆயிலின் எடை சுமார் 1.7 கிலோ. அதில் 20 பிபிஎம் இரும்பு என்றால் மொத்தம் 35 மில்லிகிராம் போல. உங்கள் 5 பிபிஎம் வித்தியாசம் ஒன்பது மில்லிகிராமுக்குள் அடங்கிவிடும். கியர், வால்வைத் தூக்கும் கேம், சிலிண்டர் போர், செயின், கிளட்சின் ஸ்டீல் பிளேட் எல்லாவற்றிலிருந்தும் சேர்ந்து வந்த இரும்பு அது. அந்த ஒன்பது மில்லிகிராமைக் கூட்டவோ குறைக்கவோ ஆயில் தேவையில்லை. ஒரு தடவை மாதக் கணக்கில் வேளச்சேரி டிராஃபிக்கில் ஒன்று-இரண்டு-ஒன்று என்று கியர் மாற்றி ஓட்டியிருப்பீர்கள். அடுத்த தடவை திருச்சிக்கு நான்குவழிச் சாலையில் ஐந்தாம் கியரிலேயே போய் வந்திருப்பீர்கள். ஒன்று சித்திரை வெயில், இன்னொன்று மார்கழி. ஏர் ஃபில்டர் ஒரு தடவை புதிது, ஒரு தடவை பழையது. போதாக்குறைக்கு, ஒரே பாட்டில் ஆயிலை இரண்டு லேபுக்கு அனுப்பினாலே சில பிபிஎம் மாறி வரும்.

ஒரு பேச்சுக்கு, ஒரே ஆயிலை நான்கு முறை ஊற்றி நான்கு முறை சோதித்தால் 17, 24, 19, 22 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த வண்டியில் ஏழு பிபிஎம் வரை ஆட்டம் சும்மாவே இருக்கிறது. அந்த ஆட்டத்துக்குள் விழும் வித்தியாசத்தைப் பிராண்டின் தலையில் கட்ட முடியாது. 20 திடீரென்று 80 ஆனால் விஷயம் வேறு. ஆனால் அப்போது நாம் பேசிக்கொண்டிருப்பது ஆயிலைப் பற்றியே இல்லை, இன்ஜினைப் பற்றி.

மொத்த இரும்பை ஓடிய கிலோமீட்டரால் வகுத்துவிட்டால் சமமாகிவிடாதா?

வகுக்கத்தான் வேண்டும், ஆனால் அதிலும் ஒரு கோணல் இருக்கிறது. டிரெயின் போல்டைக் கழற்றினாலும் இன்ஜினுக்குள் பழைய ஆயில் கொஞ்சம் தங்கும். 15 சதவீதம் தங்கியது, அதில் இரும்பு 30 என்று வைத்தால், புது ஆயில் ஊற்றிய நிமிடமே அதில் 4.5 பிபிஎம் இருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டரில் எடுத்துச் சோதித்து 10 வந்தால், அதில் பாதியைப் போன தடவையே உண்டாக்கிவிட்டீர்கள். மூவாயிரத்தில் எடுத்தால் அந்த 4.5 பெரிதாகத் தெரியாது. ஆக, சீக்கிரம் மாற்றுகிறவருக்குக் கணக்கு மோசமாகவும் தாமதமாக மாற்றுகிறவருக்கு நன்றாகவும் தெரியும். நடுவில் ஆயில் குறைந்து டாப்-அப் செய்திருந்தால் அது எதிர்ப்பக்கமாக இழுக்கும். இரண்டு ஆயிலையும் ஒரே தூரத்தில் மாற்றினால் இந்தத் தொல்லை பெருமளவு இல்லை.

எந்த உலோகம் எங்கிருந்து வருகிறது?

அலுமினியம் பிஸ்டன், ஹெட், கிளட்ச் பாஸ்கெட். குரோமியம் பெரும்பாலும் ரிங். செம்பு புஷ்களிலிருந்தும், கிளட்ச் அல்லது ஆயில் கூலர் பாகங்களிலிருந்தும். ஈயமும் வெள்ளீயமும், உருளையோ குண்டோ இல்லாத பிளெய்ன் பேரிங்கின் மேல்பூச்சு. நான்கு சிலிண்டர் ஜப்பான் வண்டிகளில் இவை கூடினால் கவலைப்பட வேண்டும். ஸ்பிளெண்டர் மாதிரி வண்டிகளின் கிராங்கில் உருளைப் பேரிங்தான், அங்கே ஈயம் எதிர்பார்க்கும் பொருளே இல்லை. 390 டியூக் மாதிரி நிக்காசில் என்ற கடினமான நிக்கல் பூச்சு உள்ள போர் என்றால் போரில் இருந்து இரும்பு வராது, வருவது பெரும்பாலும் கியரும் கேமும். சோடியமும் பொட்டாசியமும் கூலன்ட் கசிவின் அறிகுறி, ஏர்-கூல்டு வண்டியில் அந்த பயம் கிடையாது.

புது வண்டியின் முதல் சில ரிப்போர்ட்டில் எல்லாமே கூடுதலாக இருக்கும். அதை வைத்து எந்த ஆயிலையும் எடைபோடாதீர்கள்.

சிலிக்கான் 40 என்று வந்திருக்கிறது. மண்ணா?

மண்ணாக இருக்கலாம். மண்ணென்றால் அலுமினியமும் இரும்பும் கூடவே ஏறியிருக்கும், ஏனென்றால் தூசு உள்ளே போனால் அரைக்கும். சிலிக்கான் மட்டும் தனியாக ஏறி மற்றதெல்லாம் அமைதியாக இருந்தால், சமீபத்தில் கவர் கழற்றி சிலிக்கோன் பேஸ்ட் போட்டு மாட்டியிருப்பார்கள், அது கரைந்து வருகிறது. நுரை கட்டாமல் இருக்க ஆயிலிலேயே கொஞ்சம் சிலிக்கான் கலப்பதும் உண்டு.

நம் ஊருக்கு இந்த வரி முக்கியம். செம்மண் சாலையிலும் லாரி பின்னாலும் ஓடுகிற வண்டிக்கு, ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடி சரியாக உட்காராமல் இருப்பது ஆயில் பிராண்டை மாற்றுவதைவிடப் பெரிய விஷயம். அலசி மாட்டும் காட்டன் ஃபில்டர் போட்டவர்கள், போடுவதற்கு முன்னும் பின்னும் ஒரு ரிப்போர்ட் எடுத்துப் பார்ப்பது நல்லது.

துத்தநாகமும் பாஸ்பரஸும் அதிகம் இருந்தால் பாதுகாப்பு அதிகம் என்கிறார்களே?

இவை இரண்டும் சேர்ந்த ஒரு சேர்மம், ஜெட்.டி.டி.பி. என்று சுருக்கமாகச் சொல்வது, கேமிலும் கியரிலும் உலோகம் உலோகத்தைத் தொடாமல் ஒரு படலம் கட்டுகிறது. பைக் ஆயிலில் பாஸ்பரஸ் 800 முதல் 1200 பிபிஎம் வரை இருக்க வேண்டும் என்று ஜாசோ வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்புக்குள் இருக்கும் இரண்டு ஆயில்களில் 950ஐவிட 1100 சிறந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை.

இன்னொன்று, ஐ.சி.பி. எண்ணுவது அணுக்களை. அந்த மூலக்கூறு வேலை செய்து சிதைந்துபோன பிறகும் அதன் துத்தநாக அணு ஆயிலுக்குள்தான் கிடக்கும். ஒரு வீட்டின் செங்கல்லை எண்ணி முடித்து, வீடு நிற்கிறதா இடிந்து கிடக்கிறதா என்று சொல்ல முடியாத மாதிரி. ஓடின ஆயிலிலும் புது ஆயிலிலும் துத்தநாகம் ஏறக்குறைய ஒரே அளவு வருவதைப் பார்த்து ‘ஆயில் இன்னும் புதுசாவே இருக்கு’ என்று ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

மாலிப்டினம் இருந்தால் கிளட்ச் ஸ்லிப் ஆகுமா?

உராய்வைக் குறைக்கக் கலப்பது என்பதால் வரும் பயம் இது. ரிப்போர்ட்டில் மாலிப்டினம் 80 என்று பார்த்ததும் பதற வேண்டாம். அது எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதை ஐ.சி.பி. சொல்லாது, மாலிப்டினம் உள்ள பைக் ஆயில்கள் கிளட்ச் சோதனையில் தேறியும் இருக்கின்றன. நீங்கள் பார்க்க வேண்டியது டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்கிறதா என்பதை. கிளட்ச் பிளேட்டை வைத்து உராய்வை அளந்து தரும் தரம் அது. எம்.பி. என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கு, நனைந்த கிளட்ச் உள்ள வண்டிக்கு வேண்டாம். எரிபொருள் சிக்கனத்துக்காக உராய்வைக் குறைத்துத் தயாரித்த மெல்லிய கார் ஆயில்களும் வேண்டாம்.

டி.பி.என். எதற்கு? தனிக் காசு கேட்கிறார்கள்.

பெட்ரோல் எரியும்போது உண்டாகும் அமிலத்தை முறிக்க ஆயிலில் காரச் சேர்மங்கள் இருக்கும், அதில் மீதி எவ்வளவு என்பதுதான் டி.பி.என். ஆயிலை மேனுவல் சொல்வதைவிட நீட்டி ஓட்ட நினைப்பவருக்கு இது வேண்டும். மூவாயிரத்தில் மாற்றிவிடுகிறவருக்கு அவ்வளவு தேவையில்லை. பைக்கில் காரம் தீரும் முன்பே பெரும்பாலும் கெட்டித்தன்மை விழுந்துவிடும். இதை அளக்க இரண்டு முறைகள் உண்டு, இரண்டும் ஒரே ஆயிலுக்கு வெவ்வேறு எண் தரும். புது ஆயிலுக்கு கம்பெனி அச்சிட்ட எண்ணை ஒரு முறையிலும் ஓடின ஆயிலை மறு முறையிலும் அளந்துவிட்டு ‘பாதி தீர்ந்துபோச்சு’ என்று சொல்லிவிடாதீர்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோலால் ஆயில் கெடுகிறதா?

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி இப்போது பெட்ரோல் பங்க்குகளில் பெரும்பாலும் அதுதான். உங்கள் வண்டியில் அது ஆயிலை என்ன செய்கிறது என்று வாதம் செய்வதைவிட ரிப்போர்ட்டில் பார்த்துவிடலாம். எரியாத பெட்ரோல் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தால் ஆயில் தீப்பற்றும் வெப்பநிலை குறையும், கெட்டித்தன்மையும் குறையும். தண்ணீர் இருந்தால் தனி வரியில் வரும்.

பாலிமர் அறுந்து மெலிந்ததா, பெட்ரோல் கலந்து மெலிந்ததா என்று பிரித்துப் பார்க்க பெட்ரோல் கலப்பு வரி அவசியம். பெட்ரோல் கலந்து மெலிந்த ஆயிலைக் குறை சொல்வது அநியாயம். வீட்டிலிருந்து பால்பூத், பால்பூத்திலிருந்து வீடு என்று இன்ஜின் சூடாகும் முன்பே நிறுத்தும் வண்டியில் இது கூடுதலாக இருக்கும், எந்த பெட்ரோல் போட்டாலும். சோதனைக்கு முன் ஒரு மணி நேரம் ஹைவேயில் ஓட்டினால் கலந்த பெட்ரோலில் நிறைய ஆவியாகிப் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆயில் கறுத்துவிட்டது என்று மெக்கானிக் மாற்றச் சொல்கிறார். நிறத்தை வைத்துச் சொல்லலாமா?

முடியாது. அழுக்கைக் கரைத்துத் தன்னுள் வைத்துக்கொள்ளும் ஆயில் சீக்கிரம் கறுக்கும், அது அதன் வேலை. பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் மட்டும் உடனே பாருங்கள், தண்ணீர் கலந்திருக்கிறது.

ரிப்போர்ட் எல்லாம் சுத்தமாக வந்தது, ஆனால் இரண்டு மாதத்தில் கியர் பல் உடைந்தது. எப்படி?

பிளாஸ்மாவுக்குள் நுண்ணிய துகள்தான் போய் எரியும், சில மைக்ரானுக்கு மேல் போனால் அது கணக்கில் வராது. மெதுவான தேய்மானம் நுண்தூளாக வரும், அது தெரியும். உலோகம் களைத்துப்போய்ச் செதில் செதிலாகப் பெயர்வதும் பல் உடைவதும் பெரிய துண்டுகளாக வரும், அவை ஃபில்டரிலும் அடித்தட்டிலும் தங்கிவிடும். இதற்கு டிரெயின் போல்டில் காந்தம் வைத்தது வாங்கிப் போடுங்கள், பழைய ஃபில்டரை வெட்டி மடிப்பை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். துகளின் அளவைப் பொருட்படுத்தாமல் மொத்தக் காந்த இரும்பை அளக்கும் பி.கியூ. என்ற சோதனையும் தொழிற்சாலை லேபுகளில் உண்டு, கேட்டால் செய்வார்கள்.

மாதிரி எடுப்பது எப்படி?

வண்டியை நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிவிட்டு, ஆறுவதற்குள் எடுக்க வேண்டும். ஆறினால் துகள் அடியில் படிந்துவிடும். போல்டைச் சுற்றி முதலில் துடையுங்கள். கழற்றியதும் கொட்டும் முதல் வீச்சை விட்டுவிடுங்கள், கடைசிச் சொட்டுகளையும் விட்டுவிடுங்கள். நடுவே ஓடும்போது பாட்டிலை நீட்டுங்கள். கையுறை போடுங்கள், அந்தச் சூடு தோலை உரித்துவிடும். பாட்டில் லேபே தந்ததாக இருக்கட்டும். கூல்டிரிங்க் பாட்டிலைக் கழுவி அனுப்பினால் அதில் மிச்சமிருக்கும் ஈரத்துக்கும் சேர்த்து ரிப்போர்ட் வரும்.

நடுவழியில் பார்க்க வேண்டும் என்றால், ஆயில் ஊற்றும் வாய் வழியாக மெல்லிய புதுக் குழாயை விட்டு சிரிஞ்சால் உறிஞ்சலாம். ஆயிலை வடிக்காமலேயே ஆயிரம், இரண்டாயிரம், மூவாயிரம் என்று எடுத்து, எங்கே மெலிகிறது என்று பார்க்க இதுதான் வழி. பெரும்பகுதி இறக்கம் முதல் ஆயிரம், இரண்டாயிரத்திலேயே நடந்துவிடுவதைப் பார்ப்பீர்கள். எடுத்த அளவைத் திரும்ப ஊற்றிவிட்டு, ஊற்றியதையும் எழுதி வையுங்கள்.

இரண்டு ஆயிலை நியாயமாக ஒப்பிட வேண்டும், நேரமும் காசும் இருக்கிறது. எப்படிச் செய்வது?

முதலில் இரண்டு ஆயிலின் புது டப்பாவிலிருந்தும் ஒரு மாதிரியை லேபுக்கு அனுப்புங்கள். ஓடும் முன் என்ன இருந்தது என்று தெரியாமல், ஓடிய பின் என்ன போனது என்று பேச முடியாது. பிராண்ட் மாற்றும்போது முதல் ரவுண்டை ஒதுக்கிவிடுங்கள், அதில் பழைய ஆயில் கலந்திருக்கும், புது ஆயில் பழைய படிவுகளைக் கரைத்தும் கொண்டுவரும். பிறகு முதல் ஆயில், இரண்டாவது ஆயில், திரும்ப முதல் ஆயில், திரும்ப இரண்டாவது என்று மாற்றி மாற்றி ஊற்றினால், வண்டிக்கு வயதாவது ஒரு பிராண்டின் தலையில் மட்டும் விழாது. மாற்றி ஊற்றும் ஒவ்வொரு முறையும் கலப்பு ரவுண்டு ஒன்று வீணாகும் என்பது உண்மை. அதனால்தான் இதை யாரும் செய்வதில்லை. ஒரே தூரம், ஒரே வகை ஃபில்டர், ஒரே லேப். பாட்டிலில் பிராண்ட் பெயர் எழுதாமல் ‘ஒன்று’, ‘இரண்டு’ என்று எழுதி அனுப்புங்கள்.

இவ்வளவையும் செய்துவிட்டு இரும்பில் தெளிவான வித்தியாசம் வந்தால் நம்பலாம். என் எதிர்பார்ப்பைக் கேட்டால், ஜாசோ எம்.ஏ.2 முத்திரை உள்ள இரண்டு உண்மையான ஆயில்களுக்கு நடுவே அப்படி வராது. கெட்டித்தன்மையில் மட்டும் வரும். அதை வைத்துக் கிரேடில் எத்தனை கிலோமீட்டர் நின்றது என்று பார்த்து, விலையை அந்தக் கிலோமீட்டரால் வகுத்துவிட்டால், எதை வாங்குவது என்று கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை.

டூப்ளிகேட் ஆயிலை இதில் பிடிக்கலாமா?

பிடிக்கலாம், இது மிக நன்றாகப் பிடிக்கும். ஒவ்வொரு கம்பெனி ஆயிலுக்கும் கால்சியம், மெக்னீசியம், போரான், மாலிப்டினம், துத்தநாகம், பாஸ்பரஸ் என்று ஒரு கலவை விகிதம் உண்டு. நம்பிக்கையான இடத்தில் வாங்கிய டப்பாவின் புது ஆயில் ரிப்போர்ட்டையும் சந்தேக டப்பாவின் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்தால், போலியில் இந்த எண்கள் பாதியாகவோ இல்லாமலோ இருக்கும். இதற்கு வண்டியில் ஊற்றி ஓட்டக்கூட வேண்டாம். கம்பெனி தன் கலவையை அவ்வப்போது மாற்றும், ஆகவே ஒரே ஒரு தனிமம் மாறியிருப்பதை மட்டும் வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள்.

தமிழ்நாட்டில் எங்கே கொடுக்கலாம்? ஸ்பிளெண்டருக்கு இது தேவையா?

சோதனைக்கூடங்களுக்குத் தரச்சான்று தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் உள்ள, லூப்ரிகன்ட் சோதனை செய்யும் தனியார் லேபைத் தேடுங்கள். அவர்களுடைய வழக்கமான வாடிக்கையாளர்கள் கப்பலும் ஜெனரேட்டரும்தான், ஒரு பைக் ஆயிலைக் கொண்டுபோனால் கொஞ்சம் வேடிக்கையாகப் பார்க்கக்கூடும். ஐ.சி.பி. தனிமங்கள், 100 டிகிரியில் கெட்டித்தன்மை, பெட்ரோல் கலப்பு என்று மூன்றை மட்டும் கேளுங்கள், முழுப் பட்டியலும் வேண்டாம். கூரியரில் அனுப்புவதானால் ஆயிலை எடுப்பார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

ஒரு சோதனைக்கு ஆகும் செலவில் ஸ்பிளெண்டருக்கு ஆயிலே மாற்றிவிடலாம். ஆகவே ஸ்பிளெண்டருக்குத் தேவையில்லை. பழைய வண்டி ஒன்றை விலைபேசிக்கொண்டிருக்கிறீர்கள், இன்ஜினில் ஒரு சத்தம் கேட்கிறது ஆனால் திறக்க மனமில்லை, லடாக் போகும் முன் நிம்மதி வேண்டும், மாற்றும் தூரத்தை நீட்டலாமா என்று பார்க்கிறீர்கள் என்றால் கொடுத்த காசுக்கு மேல் கிடைக்கும்.

மிச்ச ஆயிலை என்ன செய்வது?

சென்ட்ரிங் பலகைக்குப் பூசுகிறவர்கள் கேட்பார்கள், கொடுத்துவிடுவது வழக்கம்தான். அது கான்கிரீட்டுக்கும் பூசுகிறவர் தோலுக்கும் நல்லதில்லை. செயினுக்குப் போடுவதும் வேண்டாம், இவ்வளவு நேரம் பேசிய சிலிக்கானும் இரும்பும் அதில்தான் இருக்கின்றன. பழைய ஆயில் இந்தியச் சட்டப்படி அபாயக் கழிவு. டப்பாவிலேயே திரும்ப ஊற்றி மூடி, ஆயில் சேஞ்ச் செய்யும் ஒர்க்‌ஷாப்பின் பேரலில் கொட்டச் சொல்லுங்கள். மறுசுத்திகரிப்புக்கு எடுப்பவர்கள் அங்கே வந்து வாங்கிப்போவார்கள்.